பின்புறமாக மலையேறும் நம்பிராஜன்

கழுத்தின் இடதுபக்கம் நாலு தேய்ப்பு, வலதுபக்கம் ஒன்று. தைலம் உள்ளே இறங்கட்டும் என்று கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றுவிட்டு, நம்பிராஜன் தலையை இடது தோளுக்கு மேலாக மெல்லத் திருப்பிப் பார்க்கிறார். 'நொடுக்' என்று ஒரு சத்தம் வர வேண்டும். வந்துவிட்டால் முகத்தில் ஒரு திருப்தி. அதற்குப் பிறகுதான் தைலப் புட்டியைச் சீட்டுக்கு அடியில் செருகிவிட்டு ஜீப்பின் பானெட்டைத் திறப்பார். "என்ஜினுக்கு ஆயில் பாக்கதுக்கு முந்தி டிரைவருக்கு ஆயில் பாக்கணும்வே. என்ஜின் போச்சுன்னா மதுரையில சாமான் கிடைக்கும். கழுத்து போச்சுன்னா எங்க போய் வாங்குவீரு?" என்று கேட்பார். குற்றாலத்தில் ஐந்தருவிச் சாலை டீக்கடையில் காலை ஆறு மணிக்கு டீ குடிக்கிற அத்தனை பேரிடமும் அவர் இதைக் கேட்டாயிற்று. இதுவரை யாரும் பதில் சொன்னதாகத் தெரியவில்லை.

வலதுபக்கத்து ஒரு தேய்ப்பு இந்த வருஷம் ஆனி மாதத்தில் சேர்ந்தது. அதற்கு முன் பத்தொன்பது வருஷம் இடதுபக்கம் மட்டும்தான்.

இந்தக் கழுத்தினால் அவருக்கு ஊரில் கொஞ்சம் கெட்ட பெயரும் உண்டு. கல்யாண வீட்டில் அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்தவர் பாடு யோகம். வலப்பக்கம் உட்கார்ந்தவருக்கு அவருடைய பிடரியும் காக்கிச் சட்டைக் காலரும்தான் கிடைக்கும். "மதிக்காத மனுசன்" என்று அச்சன்புதூர்ச் சொந்தக்காரர்கள் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு பந்தியிலிருந்து எழுந்து போயிருக்கிறார்கள். மனைவி வடிவம்மாள் இந்த வம்பெல்லாம் வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே ஒரு ஏற்பாடு செய்துகொண்டாள். "எனக்கு ஏதாவது சொல்லணும்னா அவுகளுக்கு இடப்பக்கமா போய் நின்னுக்கிடுவேன். சண்டை போடணும்னாலும் அங்கனதான். வலப்பக்கம் நின்னு சண்டை போட்டா சுவத்தோட பேசுன மாதிரி இருக்கும்" என்கிறாள் அவள்.

கழுத்து இப்படி ஆனதற்குக் காரணம் மலை. ஐந்தருவிக்கு மேலே தென்காசி வக்கீல் சந்தானகிருஷ்ணனுக்கு ஒரு தோட்டம் இருக்கிறது. கிராம்பும் மங்குஸ்தானும் விளைகிற தோட்டம். கீழேயிருந்து நாலு மைல். முதல் மூன்றரை மைல் எந்த ஜீப்பும் எந்த டிரைவரும் ஏறக்கூடிய பாதை. கடைசி அரை மைலில் மூன்று வளைவுகள் இருக்கின்றன. ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் பள்ளம். பாரத்தோடு முதல் கியரில் ஏறினால் மூன்றாவது வளைவில் ஜீப் இருமிக்கொண்டு நின்றுவிடும். ஆனால் அந்த ஜீப்பில் முதல் கியரைவிட ரிவர்ஸ் கியருக்கு இழுவை அதிகம். போதாக்குறைக்கு, மேலே தோட்டத்து ஷெட்டுக்கு முன்னால் வண்டியைத் திருப்ப இடம் கிடையாது. நம்பிராஜன் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். வளைவுகள் ஆரம்பிக்கும் இடத்தில் அகலமான பாறைத்திட்டு ஒன்று இருக்கிறது. அங்கே வண்டியைத் திருப்பி, மூஞ்சியைத் தென்காசிப் பக்கம் வைத்துக்கொண்டு, மிச்சத்தைப் பின்புறமாகவே ஏறுவார். இறங்கும்போது அப்படியே நேராக இறங்கிவிடலாம். ஊர் அவருக்கு 'ரிவர்ஸ் அண்ணாச்சி' என்று பெயர் வைத்தது. அவருக்கு அந்தப் பெயரில் பெருமைதான்.

அவர் ஓட்டிக்கொண்டிருந்தது பட்டாளம் கழித்துப் போட்ட ஜீப். வக்கீல் அதை அறுபத்தாறில் ஏலத்தில் எடுத்தார். பதினேழு வருஷம் பட்டாளத்தில் வண்டி ஓட்டிவிட்டு நம்பிராஜன் ஊருக்கு வந்து சேர்ந்ததும் கிட்டத்தட்ட அதே சமயம். "எனக்காவது பென்சன் குடுத்தானுவோ. அதுக்கு அதுவும் இல்ல" என்று ஜீப்பைத் தட்டிக்கொடுப்பார். ஸ்டீயரிங் இடதுபக்கம். தட்டையான மட்கார்டு, மடக்கிப் படுக்க வைக்கிற முன்கண்ணாடி, கதவு என்ற பேச்சே கிடையாது. சீசனில் தலை நிறைய எண்ணெயோடு நிற்கிற வெளியூர்க்காரர்கள் அதைக் கை காட்டி நிறுத்தி, "தேனருவிக்குப் போகுமா?" என்று கேட்பார்கள். "வண்டி போவும். நீங்க போவ மாட்டிய" என்று சொல்லிவிட்டு ஆக்ஸிலேட்டரை மிதிப்பார்.

பாறைத்திட்டில் வண்டியைத் திருப்பியதும் ஹாரனை இரண்டு தடவை அடிப்பார். அடித்தால் வண்டியில் இருக்கிற எல்லோரும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். மேலே ஷெட்டுக்குப் போய் ஒரு தடவை அடிப்பார். அதன்பிறகு பேசலாம். நடுவில் யாரும் மூச்சுக் காட்டக்கூடாது, அவர் உட்பட. ஒருமுறை வனத்துறை அதிகாரி ஒருவர் முதல் வளைவில் வாயைத் திறந்து, "இதென்னப்பா, இப்படி..." என்று ஆரம்பித்தார். நம்பிராஜன் பிரேக்கை மிதித்தார், என்ஜினை அணைத்தார், கையால் வெளியே வழியைக் காட்டினார். அதிகாரி மீதி ஏற்றத்தை நடந்தே முடித்துவிட்டு மேலே வந்து இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தார். அதற்குப் பிறகு தோட்டத்தில் அழுகிற பிள்ளைகூட இரண்டு ஹாரன் கேட்டால் விரலை வாயில் வைத்துக்கொள்ளும்.

அவருடைய முறை எளிது. உடம்பை இடதுபக்கம் வெளியே சாய்த்து, தோளுக்கு மேலாகப் பின்னால் பார்த்துக்கொண்டு, பாறைச் சுவருக்கும் தமக்கும் நடுவே முழங்கை அளவு இடம் விட்டு ஏறுவார். சுவர்தான் அவருக்கு அளவுகோல். அவர் சட்டையின் இடது முழங்கை எப்போதும் பாசி தேய்ந்து பச்சையாக இருக்கும். வடிவம்மாள் எந்தச் சோப்புப் போட்டும் அது போனதில்லை. பள்ளத்துப் பக்கம் பார்க்க வேண்டாமா என்று கேட்டால், "சுவரு நம்ம கையில இருந்தா போதும். அந்தப் பக்கம் அது பாட்டுக்கு வரும்" என்பார். ஏறும்போதும் இறங்கும்போதும் வண்டியின் மூஞ்சி ஒரே திசையில் இருப்பதால் பள்ளம் எப்போதும் வலதுபக்கம், டிரைவர் எப்போதும் இடதுபக்கம். ஜீப் இருக்கும்போது நடப்பது டிரைவருக்கு அவமானம் என்பது அவர் கட்சி. ஆகவே அந்த அரை மைலை அவர் ஒரு நாளும் நடந்ததில்லை. பத்தொன்பது வருஷமாக அந்தப் பள்ளத்தை ஒரு தடவையாவது நேராகக் குனிந்து பார்த்ததில்லை என்பது அவருக்கே தெரியாது.

தோட்டத்தில் காய் பறிக்கிற பெண்களுக்கு மூத்தவள் செண்பகவல்லி. நாற்பத்தைந்து வயது இருக்கும். ஆலங்குளத்துக்காரி. வண்டியில் பின்னால் வலது மூலை அவளுடைய இடம். யாராவது புதுப்பெண் தெரியாமல் அங்கே உட்கார்ந்துவிட்டால், "ஏட்டி, எந்திரி" என்று ஒரே சொல்லில் எழுப்பிவிடுவாள். அவளுக்கு ஓயாத சளி என்பது நம்பிராஜனின் முடிவு. மூன்று வளைவுகளுக்குள் நாலைந்து தடவையாவது இருமிவிடுவாள். பேச்சுக்குத்தான் தடையே தவிர இருமலுக்கு இல்லை என்பதால் அவர் பொறுத்துக்கொண்டார். மாதம் ஒருமுறை உதிரிச் சாமான் வாங்கத் தென்காசிக்குப் போனால் மருந்துக் கடையில் ஒரு பாட்டில் இருமல் மருந்து வாங்கி வந்து அவள் கையில் கொடுப்பார். "ரெண்டு வேளை குடி. நெஞ்சுச் சளியை லேசா நெனைக்காத" என்று புத்தியும் சொல்லுவார். அவள் தலையை ஆட்டி வாங்கிக்கொள்வாள்.

எண்பத்துமூன்று ஐப்பசி மழையில் பழைய ஜீப்பின் சேஸிஸ் இரண்டு இடத்தில் விரிந்துவிட்டது. ஒட்டுப் போட்டுப் பார்த்தார்கள், நிற்கவில்லை. வக்கீல் புது மாடல் வண்டி ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். நீளமான டீசல் வண்டி. நம்பிராஜன் அதைத் தலையிலிருந்து வால்வரை காலடியால் அளந்துவிட்டு, "இது அந்த வளைவுல திரும்பி முடிக்கதுக்குள்ள மங்குஸ்தான் சீசன் முடிஞ்சிரும், வக்கீலய்யா" என்று சொல்லிவிட்டார். அப்புறம் ஒன்றரை வருஷம் பழமெல்லாம் தலைச்சுமையாகத்தான் இறங்கியது. பாதிக்கு மேல் அடிபட்டு வெடித்துக் குற்றாலம் பழக்கடைகளில் சீண்டுவாரில்லாமல் கிடந்தது. நம்பிராஜன் மட்டும் தினமும் காக்கி மாட்டிக்கொண்டு வந்து ஐந்தருவியில் ஜீப் நிறுத்துகிற காலி ஷெட்டில் உட்கார்ந்துவிட்டுப் போவார். தைலம் தேய்ப்பதையும் விடவில்லை. "பாட்டரியக் கழட்டிப் போட்டா செத்துரும்லா, அந்த மாதிரிதான்" என்றார் வடிவம்மாளிடம்.

அந்தச் சமயத்தில்தான் பேப்பரில் விளம்பரம் வந்தது. அந்தப் பழைய குட்டை ஜீப்பை, அதே அச்சில், அதே மூஞ்சியோடு, கொஞ்சம் வண்டிகள் மட்டும் மறுபடியும் ஒருமுறை செய்து விற்கப்போவதாகக் கம்பெனிக்காரர்கள் அறிவித்திருந்தார்கள். எண்ணிக்கை முடிந்தால் முடிந்ததுதான், பிறகு கிடையாது. நம்பிராஜன் அந்தத் துண்டைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வக்கீல் வீட்டுக்குப் போனார். விண்ணப்பம் போட்டு எட்டு மாதம் காத்திருந்து, இந்த வருஷம் வைகாசிக் கடைசியில் மதுரைக்கு வந்து வண்டியை எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கடிதம் வந்தது.

ஷோரூமில் அவர் வண்டியை நாலு சுற்றுச் சுற்றி வந்தார். மட்கார்டைத் தட்டிப் பார்த்தார், பழைய சத்தம். முன்கண்ணாடியை மடக்கிப் படுக்க வைத்தார், பழையபடி படுத்தது. பேப்பரை விரித்துப் போட்டு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து, ரிவர்ஸ் கியரைப் பற்றி ஏழெட்டுக் கேள்வி கேட்டார். "எல்லாரும் மைலேஜ் கேப்பாங்க. நீங்க என்னங்க ரிவர்ஸையே கேக்குறீங்க?" என்றார் விற்பனைக்காரர்.

"முன்னால பாத்து ஓட்டுறதெல்லாம் இங்கனேருந்து குத்தாலம் வரைக்கும்தான். அதுக்கு மேல ரிவர்ஸ்தான்" என்றார் நம்பிராஜன்.

எல்லாம் பழையபடியே இருந்தது. ஒரே ஒரு மாற்றம்தான். ஸ்டீயரிங்கை வலதுபக்கம் வைத்திருந்தார்கள். நம்பிராஜன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ராஜபாளையம் தாண்டுவதற்குள் கை பழகிவிட்டது. பஸ்ஸை முந்தும்போது எதிரே வருவதெல்லாம் நன்றாகத் தெரிந்தது. தென்காசியில் வண்டியைச் சுற்றிக் கூட்டம் கூடி, "பழசு மாதிரியே இருக்கே அண்ணாச்சி!" என்றபோது, "மாதிரி என்ன மாதிரி? அதேதான். அது லீவுல போயிருந்துச்சு, இப்பம் திரும்பி வந்திருக்கு" என்றார். அன்று அவர் பேசிய பேச்சை ஒரு வாரத்துக்குப் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. முதல் ஏற்றம் வெறும் வண்டியாக இருக்கட்டும் என்று பெண்களை நடந்து முன்னால் போகச் சொல்லிவிட்டார். பாறைத்திட்டில் வண்டியைத் திருப்பினார். யாரும் இல்லாவிட்டாலும் வழக்கத்தை விடாமல் இரண்டு ஹாரன் அடித்தார். ரிவர்ஸ் கியர் வெண்ணெயில் இறங்குவதுபோல் விழுந்தது. இடது தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தார். நடுவில் ஒரு காலி சீட்டு. அதற்கு அப்பால் எட்டாத தூரத்தில் சுவர். இந்தத் தூரத்திலிருந்து முழங்கையை வைத்து அளக்க முடியாது. சரி என்று வலதுபக்கம் திரும்பினார்.

அங்கே தரை இல்லை. மரங்களின் உச்சிகள் இருந்தன. ஒரு பருந்து பறந்துகொண்டிருந்தது. பறவைகளை அவர் வயிற்றுப் பக்கமாகத்தான் பார்த்திருக்கிறார். இந்தப் பருந்தின் முதுகு தெரிந்தது. பின்சக்கரத்துக்கும் பாதையின் விளிம்புக்கும் நடுவில் ஒரு சாண் மண். அந்த மண்ணிலிருந்து ஒரு கல் கழன்று விழுந்தது. விழுந்த சத்தம் கேட்கும் என்று காத்திருந்தார், வரவே இல்லை. பிரேக்கை மிதித்திருந்த கால் ஆடியது. பட்டாளத்தில் குண்டுச் சத்தத்துக்கு நடுவே வண்டி ஓட்டியபோதுகூட ஆடாத கால். பயம் என்பது தமக்கு இப்படித்தான் இருக்குமா என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. கியரை மாற்றி, நேராக இறங்கி, பாறைத்திட்டைத் தாண்டி, ஐந்தருவி வந்துதான் மூச்சு விட்டார்.

"கிளட்ச்சுல சத்தம் வருது" என்று வக்கீலிடம் சொன்னார். பொய். வாழ்க்கையில் அவர் வண்டியின் மீது பழி போட்டது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு வெளியே வந்து, யாரும் பார்க்காதபோது ஜீப்பின் பானெட்டைத் துடைத்துவிட்டார்.

தென்காசியிலிருந்து மெக்கானிக் வந்தார், கழற்றிப் பார்த்தார், கிளட்ச் புதுப் பெண்ணாட்டம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். மலையில் மங்குஸ்தான் பழுத்துக்கொண்டிருந்தது. சந்தானகிருஷ்ணன் நல்ல மனுஷர்தான். ஆனால் வக்கீல், சாட்சி சரியில்லை என்றால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்.

"நம்பிராஜா, உமக்கும் ஐம்பத்தஞ்சு ஆயாச்சு. வலதுபக்க ஸ்டீயரிங் உமக்கு ஒத்துக்கலேன்னா ஒத்துக்கலேன்னு சொல்லிடும். தப்பில்லே" என்றார். "வியாழக்கிழமை நானே உம்ம கூட வரேன். ஏறினா வண்டி உம்மது. இல்லேன்னா செங்கோட்டையிலே ஒரு டிரைவர் இருக்கான், வரச் சொல்லிடறேன். நீர் கேட்டைப் பாத்துண்டு இரும். சம்பளத்திலே குறை வைக்க மாட்டேன், ஓய்."

தோட்டத்துக் கேட் அருகில் ஒரு ஸ்டூல் கிடக்கிறது. நம்பிராஜனுக்கு அந்த ஸ்டூல் நன்றாகத் தெரியும். அதில் உட்கார்ந்துகொண்டு, செங்கோட்டைக்காரன் ஹாரன் அடிக்கும்போதெல்லாம் எழுந்து போய் கேட்டைத் திறந்துவிட வேண்டும். அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வடிவம்மாள் இடதுபக்கமாக வந்து நின்று என்னவென்று கேட்டாள். அன்றைக்கு அவர் இடதுபக்கமும் திரும்பவில்லை.

புதன்கிழமை காலை டீக்கடையில் அவர் தைலம் தேய்க்காமல் உட்கார்ந்திருந்தார். செண்பகவல்லி தலையில் பழக்கூடையோடு மலையிலிருந்து இறங்கி வந்தாள். கூடையில் பாதிப் பழம் வெடித்திருந்தது. அவருக்கு எதிரே இறக்கி வைத்துவிட்டுச் சும்மாட்டை உதறினாள்.

"அண்ணாச்சி, கிளட்ச்சு எப்படி இருக்கு?"

"சத்தம் வருது."

"மெக்கானிக்கு ஒண்ணும் இல்லன்னுட்டுப் போனாராமே."

"அவனுக்கு என்ன தெரியும்?"

"அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்" என்றாள் செண்பகவல்லி. "வெள்ளிக்கிழமை நான் மேல வளைவுல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். நீங்க கிளட்ச்சப் பாக்கல. பள்ளத்தப் பாத்திய."

நம்பிராஜன் ஆறிப்போன டீயை ஊதினார். கடைக்காரருக்குக் கேட்காத குரலில், "செண்பகம், அந்தப் பாதை இம்புட்டுத்தான் அகலமா?" என்று கேட்டார்.

"இம்புட்டுத்தான். மழை பெஞ்சா இதுலயும் கொறையும்."

"அப்பம் நான் எப்படிப் போய்க்கிட்டு இருந்தேன்?"

"நான் இருமுனேன். நீங்க ஒடிச்சிய."

நம்பிராஜன் நிமிர்ந்து பார்த்தார். அவள் சாதாரணமாக, அடிபட்ட பழங்களை ஒதுக்கிக்கொண்டே சொன்னாள். "நான் உக்காருத மூலையிலருந்து பாத்தா சக்கரம் தெரியும், ஓரமும் தெரியும். மொத வருசம் ஒரு நா சக்கரம் ஓரத்துக்குப் போயிட்டு. கத்துனா எறக்கி விட்டுருவிய. பாரஸ்ட் ஆபீசரையே நடக்க விட்ட ஆளுல்லா நீங்க? பயத்துல இருமல்தான் வந்துச்சு. நீங்க எரிச்சல்ல வீல வெடுக்குன்னு சுவத்துப் பக்கம் ஒடிச்சிய. வண்டி உள்ள வந்துட்டு. சரி, இது வேல செய்யுதுன்னு வச்சிக்கிட்டேன். அப்புறம் உங்களுக்கும் பழகிப் போச்சு."

"அப்பம் சளி?"

"எனக்குச் சளி புடிச்சதே கிடையாது அண்ணாச்சி."

"நான் மாசாமாசம் வாங்கிக் குடுத்த மருந்து?"

"எங்க மாமியா குடிச்சா. தொண்ணூறு வயசாவுது, நல்லாத்தான் இருக்கா."

நம்பிராஜனுக்கு முதலில் கோபம் வந்தது. பத்தொன்பது வருஷமாக அந்த மலையைத் தனியாகத் தம் கழுத்தால் ஏறுவதாக அவர் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறார்! கோபம் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அது எங்கே போனதென்று தெரியவில்லை. இதுவரை ஒருவரையும் கவிழ்க்காமல் ஏற்றி இறக்கியிருக்கிறோம் என்ற நினைப்பு மட்டும் மிஞ்சியது. 'இறக்கியிருக்கிறேன்' என்று இத்தனை வருஷமாகச் சொல்லிவந்த மனம் தானாக 'இறக்கியிருக்கிறோம்' என்று சொன்னதை அவரே கவனித்தார்.

"டீ குடிக்கியா?" என்றார்.

"குடிக்கேன்." டீ வந்தது. குடித்து முடித்துக் கூடையைத் தூக்கும்போது அவள் சொன்னாள்: "நாளைக்கு ஏத்திருங்க அண்ணாச்சி. அந்தச் செங்கோட்டைக்காரனுக்கெல்லாம் நான் இருமிக்கிட்டு இருக்க மாட்டேன்."

அன்று மத்தியானம் அவர் மண்ணெண்ணெய் ஸ்டவ் திரி வாங்கத் தென்காசிக்குப் போனார். மருந்துக் கடைக்கு எதிரே கால் தானாக நின்றது. வாங்கிவிட்டார்.

வியாழக்கிழமை காலை சந்தானகிருஷ்ணன் வந்தார். கனத்த உடம்பு, கறுப்புக் குடை, நெற்றியில் பளிச்சென்று நாமம். முன்னால் இடதுபக்கம் உட்கார்ந்தார். பின்னால் ஐந்து பெண்களும் காலிக் கூடைகளும். கூடை அடுக்கத் தோதாக மேல் கித்தானை அவிழ்த்து வைத்திருந்தது. பாறைத்திட்டில் வண்டி திரும்பி நின்றதும் நம்பிராஜன் பின்னால் பார்க்காமலே, "செண்பகம், உன் எடத்துலதான இருக்க?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் அவர் அப்படிக் கேட்டதில்லை. "இருக்கேன் அண்ணாச்சி" என்று நேர் பின்னாலிருந்து குரல் வந்தது. இரண்டு ஹாரன் அடித்தார். வண்டியில் பேச்சு நின்றது.

முதல் வளைவு. அவர் வலதுபக்கம் திரும்பவே இல்லை. வக்கீலின் தலைக்கு மேலாக, தூரத்துச் சுவரை மட்டும் பிடித்துக்கொண்டு ஏறினார். பின்னாலிருந்து இருமல் வந்தது. ஒடித்தார். சக்கரம் கெட்டியான தரையில் உட்கார்ந்தது இடுப்பில் தெரிந்தது. இரண்டாவது வளைவு. மறுபடி இருமல், மறுபடி ஒடித்தார். பழைய காலம் திரும்பி வந்துவிட்டது. ஸ்டீயரிங் எந்தப் பக்கம் இருந்தால் என்ன என்று தோன்றியது. மனசுக்குள் செங்கோட்டைக்காரனுக்கு ஒரு கும்பிடு போட்டார்.

மூன்றாவது வளைவுக்கு முன்னால் சாரல் அடித்தது. சந்தானகிருஷ்ணன் சாவகாசமாகக் குடையை எடுத்து விரித்தார்.

இடதுபக்கம் முழுக்கக் கறுப்புத் துணி. சுவர் இல்லை, பாசி இல்லை, ஒன்றுமே இல்லை. குடையை மடக்குங்கள் என்று சொல்லலாம். ஆனால் இரண்டு ஹாரன் அடித்தாயிற்று. நடுவில் நிறுத்தினால் நனைந்த ஏற்றத்தில் சக்கரம் பிடிக்காது. செண்பகவல்லி இருமினால் ஓரம் வந்துவிட்டது என்று தெரியும். எவ்வளவு ஒடிக்க வேண்டும் என்பதைச் சொல்ல இருமலுக்குத் தெரியாது. அதைச் சுவர்தான் சொல்லும். சுவர் குடைக்குப் பின்னால் இருந்தது.

நம்பிராஜன் கழுத்தை வலதுபக்கம் திருப்பினார். பத்தொன்பது வருஷத்தில் ஒரே ஒரு தடவை திரும்பிய பக்கம். 'நொடுக்' என்று கேட்டது. வக்கீலே திரும்பிப் பார்த்தார். மர உச்சிகள் அப்படியே இருந்தன. பருந்து இல்லை. பின்சக்கரம் நனைந்து கறுப்பாகத் தெரிந்தது. விளிம்பு தெரிந்தது. ஒரு சாண். அரைச் சாண். கால் ஆட ஆரம்பித்தது, ஆடிக்கொண்டே மிதித்தது. செண்பகவல்லி மூச்சை இழுக்கிற சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டது. அவள் இருமுவதற்கு முன், தாம் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே நம்பிராஜன் ஒரு தடவை இருமினார். இருமிக்கொண்டே ஒடித்தார். ஜீப் பின்புறமாக ஒரு குலுக்குக் குலுக்கி மூன்றாவது வளைவைத் தாண்டி, நிமிர்ந்து, ஷெட்டுக்கு முன்னால் போய் நின்றது. இழுத்த மூச்சைச் செண்பகவல்லி சத்தமில்லாமல் விட்டாள்.

ஒரு ஹாரன். ஐந்து பெண்களும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

சந்தானகிருஷ்ணன் குடையை மடக்கி உதறினார். "பேஷ்! செங்கோட்டைக்காரனுக்கு வரவேண்டாம்னு இன்னிக்கே ஒரு கார்டு போட்டுடறேன்" என்றார். இறங்கப் போனவர் நின்று, "ஆமா, நடுவிலே இருமினீரே. சளியா ஓய்?" என்று கேட்டார்.

நம்பிராஜன் டாஷ்போர்டிலிருந்து அந்த மாதத்து இருமல் மருந்தை எடுத்து, மூடியைத் திருகி, ஒரு வாய் குடித்தார். கசப்பில் முகம் கோணியது. பிறகு கழுத்தை வலதுபக்கமாகவே திருப்பி, பாட்டிலைப் பின்னால் செண்பகவல்லியிடம் நீட்டினார்.